மராமத்துக்கு வராத கைகள்

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. நவம்பர் 30-ஆம் தேதி தொடங்கி ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டிய மழையில் புதுச்சேரியின் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள் புகுந்த தண்ணீர் அப்போதுதான் வடிந்திருந்தது. நனைந்த மெத்தைகளும் பள்ளிப் புத்தகங்களும் தெருவோரத்தில் குவிந்து கிடந்தன. அந்த நாட்களில் ஒரு அம்மா எங்களைத் தேடி லாஸ்பேட்டைக்கு வந்தார். கையில் எவர்சில்வர் சம்படம். திறந்தால் அரிசி. அரிசிக்குள் அவருடைய கைபேசி.

"மூணு நாளா அரிசியில போட்டு வெச்சிருக்கேன் தம்பி. போர்டே போயிடுச்சுன்னு கடைக்காரர் சொல்றார். போன் போனா போகட்டும். நீங்க போட்டுக் குடுத்தீங்களே, அந்த ஆறு நம்பர் வருமே, அதை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க."

அவருடைய கணவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களைப் பாண்டியில் அப்படித்தான் சொல்வோம். கணவர் இறந்த பிறகு குடும்பப் பென்ஷன் இந்த அம்மாவுக்கு பிரான்ஸிலிருந்து வருகிறது. ஆண்டுதோறும் உயிரோடிருக்கிறேன் என்று சான்று அனுப்ப வேண்டும். அது பற்றிய கடிதப் போக்குவரத்தெல்லாம் அவருடைய மின்னஞ்சலில்தான். அந்த மின்னஞ்சலைத் திறக்கக் கடவுச்சொல்லோடு ஆறு இலக்க எண்ணும் வேண்டும். எண்ணைத் தரும் செயலி கைபேசியில் இருந்தது. கைபேசி அரிசிக்குள் செத்துக் கிடந்தது.

எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. அதைவிட, செய்ய முடியாமல் போனதற்குக் காரணம் புயல் இல்லை என்பது அங்கே நின்றிருந்த எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். அந்த அம்மாவிடம் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. "தண்ணி புகுந்துடுச்சும்மா, என்ன பண்றது" என்றோம். இந்தக் கட்டுரை அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்வதற்காக.

நாங்கள் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவோம். கல்லூரி மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர் ஒருவர், சென்னையில் வேலை பார்த்து வாரக்கடைசியில் ஊருக்கு வருபவர்கள். விழுப்புரத்தில் கிராமத்து மாணவர்களுக்கு லினக்ஸ் சொல்லித்தரும் குழுவையும், காஞ்சிபுரத்தில் வாராவாரம் விடாமல் கூடும் குழுவையும் பார்த்து உற்சாகம் பெற்றவர்கள். உற்சாகத்துக்கு எங்களிடம் எப்போதும் குறைவிருந்ததில்லை.

2021 சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் புதுச்சேரி வாக்காளர்கள் பலருடைய கைபேசிக்கு, ஒரு கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தது. ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டுமே செய்தி வருகிறது என்று புகார் எழுந்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. புகாரைக் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கருதியது. தங்களிடமிருந்து எதுவும் கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். எது எப்படியோ, "என் நம்பர் அவங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று ஊரில் சாதாரண மக்கள் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். அந்த ஆண்டு மழை விட்ட டிசம்பரில் நாங்கள் ஒரு முகாம் நடத்தினோம். 'உங்கள் கைபேசி, உங்கள் காவல்' என்று பேனர். 43 பேர் வந்தார்கள். பெயர், தெரு, கைபேசி எண் எல்லாம் ஒரு நீளவாக்கு நோட்டில் எழுதி வாங்கினோம். அந்த நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது.

அன்று நாங்கள் போட்டுக் கொடுத்த செயலியின் பெயர் ஆண்ட்ஓடிபி. அது வேலை செய்யும் விதம் எளிது. கணக்கைப் பூட்டும்போது திரையில் ஒரு கியூஆர் கட்டம் வரும். அதற்குள் ஒரு ரகசியச் சாவி. செயலி அதைப் படித்துக் கைபேசிக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும். பிறகு சாவியையும் அந்த நேரத்தையும் கலந்து கணக்குப் போட்டு, 30 விநாடிக்கு ஒரு புது எண் தரும். அந்தப் பக்கத்தில் இருக்கும் கணினியும் அதே கணக்கைப் போடும். இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். இணையத் தரங்களை வகுக்கும் பணிக்குழு 2011-இல் பொதுத் தரமாக வெளியிட்ட முறை இது. யார் வேண்டுமானாலும் இதற்குச் செயலி எழுதலாம். கூகுள் வெளியிட்ட செயலியின் மூலநிரலும் முதலில் திறந்துதான் இருந்தது, பிறகு மூடிவிட்டார்கள். திறந்தே இருக்கட்டும் என்று நினைத்தவர்கள் எழுதியவற்றில் ஒன்று ஆண்ட்ஓடிபி. ஜெர்மனியைச் சேர்ந்த ஒருவர் தன் சொந்த நேரத்தில் வளர்த்தது. காசு இல்லை, விளம்பரம் இல்லை, எந்தத் தகவலையும் வெளியே அனுப்பாது.

இந்த அம்மா வருஷத்தில் மூன்று மாதம் பிரான்ஸில் மகன் வீட்டில் இருப்பவர். அங்கே போனால் இந்திய சிம்முக்குக் குறுஞ்செய்தி ஒழுங்காக வருவதில்லை. சிக்னலே இல்லாமல் எண் தருகிற செயலி அவருக்கு எவ்வளவு பெரிய உதவி! அதைச் சொல்லித்தான் போட்டுக் கொடுத்தோம். அதில் தவறில்லை. ஆனால் அதோடு இன்னும் சிலவற்றைச் செய்தோம், சிலவற்றைச் செய்யாமல் விட்டோம்.

நம் எண்ணுக்கு வேறொருவர் சிம் வாங்கிக் குறுஞ்செய்திகளைப் பறிக்கும் சிம் மோசடி பற்றி அப்போது நிறையப் படித்திருந்தோம். அதனால் குறுஞ்செய்தியில் எண் பெறும் பழைய வழியை அவருடைய கணக்கிலிருந்து நாங்களே எடுத்துவிட்டோம். அவசரத்துக்கென்று மின்னஞ்சல் நிறுவனம் தரும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். முகாமில் பிரிண்டர் இல்லை. ஒரு தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கலாம்; வரிசையில் ஆட்கள் நின்றார்கள். ஆண்ட்ஓடிபியில் சாவிகளைப் பூட்ட இரண்டு வழி உண்டு. ஒன்று நாமே ஒரு கடவுச்சொல் வைப்பது. இன்னொன்று ஆண்ட்ராய்டின் உள்பெட்டகத்திடம் பொறுப்பை விடுவது. உள்பெட்டகம் சில கைபேசிகளில் தானாக அழிந்துவிடக்கூடும், கடவுச்சொல் வழியே மேல் என்று செயலியை எழுதியவரே அதன் அறிமுகக் குறிப்பில் எச்சரித்திருந்தார். வயதானவர்கள் இன்னொரு கடவுச்சொல்லை நினைவு வைத்திருக்க மாட்டார்கள் என்று நாங்களாகவே முடிவு செய்து எல்லோருக்கும் உள்பெட்டகத்தைத் தேர்ந்தெடுத்தோம். எங்களுக்கு அது ஆளுக்கு இரண்டு நிமிடம் மிச்சம். பேக்கப் எடுப்பதை அடுத்த ஞாயிறு சொல்லித்தருகிறோம், எல்லோரும் வாருங்கள் என்று மைக்கில் அறிவித்தோம்.

அடுத்த ஞாயிறு ஒரு கல்லூரியில் பயிற்சிப் பட்டறைக்கு அழைப்பு வந்தது, போய்விட்டோம். அதற்கடுத்த ஞாயிறு பொங்கல் நெருங்கிவிட்டது. அந்த வகுப்பு நடக்கவே இல்லை.

2022-இல் ஆண்ட்ஓடிபி நின்றது. இனிப் பராமரிப்பு இல்லை என்ற அறிவிப்போடு அதன் மூலநிரல் களஞ்சியம் மூடி வைக்கப்பட்டது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அந்தச் செய்தியைப் பகிர்ந்தார். நான் போய்ப் பழைய அரட்டையைத் தேடிப் பார்த்தேன். இரண்டு பேர் கும்பிடும் கை போட்டிருக்கிறார்கள். ஒருவர் 'நல்ல மனுஷன்' என்று எழுதியிருக்கிறார். நான் 'ஏஜிஸுக்கு மாறிடலாம்' என்று எழுதியிருக்கிறேன். ஏஜிஸ் அதே வேலையைச் செய்யும் இன்னொரு கட்டற்ற செயலி. அன்றே என் கைபேசியில் மாறியும்விட்டேன். குழுவில் அனைவரும் அந்த வாரத்திலேயே மாறிவிட்டோம். நோட்டில் இருந்த 43 பேருக்கும் யாரும் ஒரு போன்கூடப் போடவில்லை.

மாறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போது கணக்குப் பார்த்துவிட்டேன். பழைய செயலியில் பேக்கப் எடுத்து, ஏஜிஸில் அதை இறக்கி, ஒரு கடவுச்சொல் வைத்து, அதைத் தாளில் எழுதி பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டு எழுந்துவர ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். ஆண்ட்ஓடிபி எழுதிய பேக்கப்பை ஏஜிஸ் அப்படியே படிக்கும். அதற்கான வேலையையும் முகம் தெரியாத யாரோ காசு வாங்காமல் செய்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவே இருந்தது ஒரு பதினைந்து நிமிடமும் லாஸ்பேட்டையிலிருந்து ரெயின்போ நகர் வரைக்குமான தூரமும்தான். அதைக் கடக்க எங்களுக்கு மூன்று ஆண்டில் நேரம் கிடைக்கவில்லை.

இது ஒரு தடவை நடந்த தவறு என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். அதே முகாமில் நாங்கள் பரிந்துரைத்த இன்னொரு தொகுப்பு சிம்பிள் மொபைல் டூல்ஸ். படம் பார்க்க, கோப்பு பார்க்க, நாட்காட்டிக்கு எனச் சின்னச் சின்னக் கட்டற்ற செயலிகள். 2023 இறுதியில் அந்தத் தொகுப்பு மொத்தமாக ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதில் பங்களித்தவர்கள் பழைய நிரலிலிருந்து பிரித்தெடுத்து ஃபாசிஃபை என்ற பெயரில் தொடர்ந்தார்கள். அதையும் நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். எங்களை நம்பி அந்தச் செயலிகளைப் போட்டுக்கொண்டவர்களுக்குச் சொல்லவில்லை. நம் ஊர்க்காரர்களின் கைபேசியில் ஒரு செயலி யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? விளம்பரமும் உளவும் இல்லாத செயலி என்று வாக்குக் கொடுத்தது நாங்கள்தானே.

ஆண்ட்ஓடிபியை எழுதியவர் ஏன் நிறுத்தினார் என்று, அது நின்ற செய்தி வந்தபோது எங்களில் ஒரு மாணவி கேட்டாள். அதற்கும் நாங்கள் பதில் தேடவில்லை. ஒரு பாதுகாப்புச் செயலியைப் பராமரிப்பது என்றால் என்ன என்று இப்போதுதான் உட்கார்ந்து படிக்கிறோம். செயலி எழுதுவது ஒரு சில மாத வேலை. அதன் பிறகுதான் மராமத்து தொடங்குகிறது. ஆண்டுதோறும் ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு வரும், பழைய வழிகள் சில அடைபடும். பிளே ஸ்டோரில் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டுமென்றால் புதிய பதிப்புக்கு ஏற்றபடி கிட்டத்தட்ட ஓராண்டுக்குள் நிரலை மாற்றியாக வேண்டும். செயலி சார்ந்திருக்கும் பிறர் எழுதிய நிரல் துண்டுகளில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அன்றைக்கே பார்க்க வேண்டும். கட்டற்ற செயலிகளுக்கென்று 2010-இல் தொடங்கிய எஃப்டிராய்டு என்ற செயலிக் களஞ்சியம் மூலநிரலிலிருந்து தானே செயலியைக் கட்டி வெளியிடும். அங்கே கட்டமைப்பு உடைந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடும் மலிவுக் கைபேசிகள் உண்டு. அங்கே மட்டும் வரும் கோளாறை, அந்தக் கைபேசியே கையில் இல்லாமல், யாரோ எழுதிய இரண்டு வரிப் புகாரை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். படம் பார்க்கும் செயலியில் பிழை வந்தால் படம் தெரியாது, அவ்வளவுதான். இந்த மாதிரிச் செயலியில் ஒரு பிழை வந்தால் ஊரெங்கும் பல பேருடைய கதவுகள் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும். அந்த பயத்தோடு ஒருவர் அலுவலகம் முடிந்து வந்து இரவு உட்கார்ந்து செய்கிற வேலை இது.

அந்த மலிவுக் கைபேசிகள் எங்களிடம்தான் இருந்தன. 43 பேரிடம் ஏறக்குறைய முப்பது மாடல். எந்தச் செயலி எதில் தடுமாறுகிறது என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஒரு கைபேசியில் தமிழ் எழுத்துருவைப் பெரிதாக வைத்தால் பொத்தானில் இருந்த சொல்லின் கடைசி எழுத்து வெட்டுப்பட்டுப் போனது. முத்தியால்பேட்டை செராக்ஸ் கடை அண்ணன் ஒருவர் அதைக் காட்டினார், நாங்கள் படமும் எடுத்தோம். படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. ஆண்ட்ஓடிபியை எழுதியவருக்கு அனுப்பவில்லை. காரணம் கேட்டால் வெட்கமாக இருக்கிறது: ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே, பிழையாக எழுதிவிட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். அவரும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகத்தான் எழுதினார். ஒரு படமும் கைபேசி மாடலின் பெயரும் போதும், வாக்கியமே தேவையில்லை. அதுகூட எங்களிடமிருந்து போகவில்லை.

தமிழாக்கமும் அப்படித்தான். இப்படிப்பட்ட செயலிகளைத் தமிழில் கொண்டுவருவோம் என்று முகாமில் கைதட்டல் வாங்கினோம். ஒரு ஞாயிறு மாலை உட்கார்ந்தோம். தகவலைப் பூட்டி வைப்பதற்குக் 'குறியாக்கம்' என்பதா 'மறையாக்கம்' என்பதா என்று விவாதம் வந்தது. ராத்திரி ஒன்பது மணி வரை பேசினோம். அந்த விவாதம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. சொல் சரியாக இருப்பது முக்கியம். பேக்கப் என்பதற்கு மட்டும் எல்லோரும் 'பேக்கப்' என்றே விட்டுவிடலாம் என்று ஒத்துக்கொண்டது நினைவிருக்கிறது. ஆனால் அன்றைக்குப் பதினெட்டு வரி மொழிபெயர்த்தோம். மறுபடி அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. 'பேக்கப் எடுக்கவில்லையென்றால் எல்லாம் போய்விடும்' என்கிற எச்சரிக்கை வரி நாங்கள் தொடாத பகுதியில் இருந்தது. அந்த அம்மா பிரெஞ்சு படிப்பார், தமிழ் படிப்பார், ஆங்கிலம் படிக்க மாட்டார். அவருடைய கைபேசியில் அந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில்தான் வந்திருக்கும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முகாமின் வரவு செலவு அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பேனர் 1,800 ரூபாய். டீ, சமோசா 1,150. மைக் செட் 900. செயலியை எழுதியவருக்கு அனுப்பியது என்று ஒரு வரி இல்லை. எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. கட்டற்றது என்றால் விலையற்றது என்று பொருள் இல்லை, சுதந்திரம் என்று பொருள் என மேடைதோறும் விளக்கிய நாங்கள், நடைமுறையில் அதை விலையற்றதாகவே வைத்திருந்தோம்.

உலகம் முழுவதும் இப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்று உலகம் அறிந்தது. வங்கிகளும் அரசுகளும் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தன. அதிர்ச்சிக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து நிதி போட்டன. நம் நாட்டில் 2024 அக்டோபரில் ஜெரோதா நிறுவனம் கட்டற்ற மென்பொருள்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தரும் நிதியை அறிவித்தது. நல்லது. ஆனால் பெரிய பணம் வரட்டும் என்று நாங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எங்களிடம் ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

பணத்தைவிட மோசமானது ஒன்று உண்டு. அதை எக்ஸ்இசட் விவகாரம் எங்களுக்குக் காட்டியது. எக்ஸ்இசட் கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். லாஸே கோலின் என்பவர் பல ஆண்டுகளாகத் தனியாளாகப் பார்த்துவந்தார். 2022-இல் யாரென்றே தெரியாத பெயர்கள், ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று அவரை நெருக்கின. தனக்கு நீண்டகால மனநலச் சிக்கல்கள் இருப்பதையும், இது சம்பளம் இல்லாத பணி என்பதையும் அவர் பொதுவெளியில் எழுதிச் சொல்ல வேண்டியதாயிற்று. அதே சமயத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவி செய்து நம்பிக்கை பெற்று, பொறுப்பையும் பெற்றார். 2024-இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது. தன் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் மார்ச் 29 அன்று அதை உலகுக்குச் சொன்னார்.

அந்தச் செய்தி வந்தபோது நாங்கள் சிறப்புக் கூட்டம் போட்டுப் பேசினோம். தனித்து விடப்பட்ட பராமரிப்பாளர்தான் பாதுகாப்பின் மிகப் பலவீனமான இடம் என்று நானே பேசினேன். அப்போதும் ஒன்றை யாரும் எழுந்து சொல்லவில்லை. எங்களில் ஒருவர், ஒரு பாதுகாப்புச் செயலிக்குப் புதுப்பிப்பு வரத் தாமதமானதற்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'பாதுகாப்பை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறீர்களா' என்று எழுதியிருந்தார். எழுதியவர் யார் என்று எங்களுக்குத் தெரியும். அது நான்தான். வேலை முடிந்து அலுத்து வந்து அதைப் படித்த மனிதருக்கு, நெருக்குகிறவர் சதிகாரரா சாதாரணப் பயனரா என்று எப்படித் தெரியும்? இரண்டு பேரும் ஒரே மொழியில்தான் பேசினோம்.

எங்கள் குழுவில் ஒருவருக்குப் பாகூர். புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரிகளில் ஒன்று அங்கே. அவருடைய தாத்தா காலத்துப் பேச்சை ஒருமுறை சொன்னார். கோடையில் ஏரி வற்றியதும் தண்டோரா போடுவார்களாம். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். வரத்துக் கால்வாயில் தூர் எடுக்கணும், கரையில் எலிவளை அடைக்கணும், மதகைப் பார்க்கணும். வராத வீட்டுக்காரர் பாசன நாளில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மதகு ஓரம் நிற்க வேண்டியிருக்கும். குடிமராமத்து என்று நாம் இன்று பெருமையாகச் சொல்வது இதைத்தான். பக்கத்தில் பிரிட்டிஷார் ஆண்ட சென்னை மாகாணத்தில் இந்த வழக்கம் தேய்ந்தபோது, ஆட்களை வரவழைக்க 1858-இல் சட்டமே போட்டுப் பார்த்தார்கள். வழக்கம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் திரும்பி வரவில்லை.

ஏரியை வெட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். ஆண்டுதோறும் தூர் எடுத்தவர்கள் பெயர் எங்கும் இருக்காது, ஆனால் தண்ணீர் வந்தது அவர்களால். நம் பாட்டன் பூட்டனுக்குத் தெரிந்த இந்த வரிசை எங்களுக்குத் தலைகீழாகிவிட்டது. செயலியைக் கண்டுபிடித்துச் சொல்வதிலும், போட்டுக் கொடுப்பதிலும், முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வதிலும் முன்னால் நின்றோம். கோடையில் மண்வெட்டியோடு போக வேண்டிய வேலைக்கு நாங்கள் வரவில்லை. செயலியை எழுதியவருக்கும் கைகொடுக்கவில்லை, எங்கள் பேச்சை நம்பிப் போட்டுக்கொண்டவர்களுக்கும் கைகொடுக்கவில்லை.

கூகுள் 2025 ஆகஸ்டில் ஓர் அறிவிப்பு செய்தது. அடையாளத்தைத் தன்னிடம் சரிபார்த்துக்கொள்ளாதவர்கள் எழுதும் செயலிகளுக்கு, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவினாலும், தடை வரும் என்பது அதன் சாரம். இது தன் இருப்புக்கே ஆபத்து என்று எஃப்டிராய்டு எழுதியது. எங்கள் குழுவில் கொதிப்பு. கண்டன அறிக்கை எழுத வேண்டும் என்றார்கள். எழுதலாம், எழுத வேண்டும். ஆனால் அன்று அந்த மாணவி கேட்ட கேள்விக்குத்தான் எல்லோரும் வாயடைத்துப் போனோம்: "எஃப்டிராய்டுக்கு நாம இதுவரைக்கும் என்னண்ணா செஞ்சிருக்கோம்?"

அந்த அம்மாவுக்குப் பென்ஷன் நிற்கவில்லை. மகன் அங்கிருந்து பலமுறை போன் செய்து, புது மின்னஞ்சல் முகவரியைப் பதிய வைத்தார். சான்றுப் படிவம் தபாலில் வந்தது. பழைய கணக்கு மட்டும் கடைசிவரை திறக்கவில்லை. கணவர் கடைசி இரண்டு ஆண்டுகளில் அனுப்பிய படங்கள் அதில் இருந்தன. கடற்கரைச் சாலையில் காலை நடையின்போது எடுத்து, வீட்டிலிருக்கும் மனைவிக்கு அனுப்பியவை. இந்த ஜனவரியில் நாங்கள் அவர் வீட்டுக்குப் போய், நடந்தது தண்ணீரால் மட்டுமல்ல என்று சொன்னோம். முழுவதையும் கேட்டார். "அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். காபி கொடுத்தார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பிறகு நோட்டை எடுத்து முதல் பெயரிலிருந்து கூப்பிடத் தொடங்கினோம். இதுவரை 29 பேரைப் பிடித்திருக்கிறோம். அவர்களில் 11 பேர் கைபேசியில் ஆண்ட்ஓடிபி இன்னும் இருந்தது. ஒன்பது பேரிடம் பேக்கப் இல்லை. வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம். செராக்ஸ் கடை அண்ணன் காட்டிய எழுத்து வெட்டு, இப்போது அவர் பயன்படுத்தும் செயலியிலும் வருகிறதா என்று சோதித்தோம். மொழிபெயர்ப்பில் எச்சரிக்கை வரிகளை முதலில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் சேர்த்து, நாங்கள் பரிந்துரைக்கும் செயலிகளுக்கு அனுப்புவது என்று முடிவு. சின்னத் தொகைதான், தெரியும்.

14 பேரை இன்னும் பிடிக்க முடியவில்லை. எண் மாறியிருக்கிறது, வீடு மாறியிருக்கிறார்கள், ஒருவர் காரைக்காலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். 2021 டிசம்பரில் லாஸ்பேட்டை டியூஷன் சென்டர் மாடியில் நடந்த முகாமுக்கு வந்து, கைபேசியில் ஆறு இலக்க எண் தரும் செயலி போட்டுக்கொண்டவர் நீங்கள் என்றால், அல்லது உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், கைபேசி நன்றாக இருக்கும்போதே அந்தச் செயலியைத் திறந்து பேக்கப் எடுத்துவிடுங்கள். எடுக்கத் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அதே மாடிக்கு வாருங்கள். வர முடியாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், நாங்கள் வருகிறோம்.